லேசான ரோலர், பிடிக்காத கிக்கர்: ஸ்கூட்டரின் பெல்ட் டிரைவை எந்த வரிசையில் அமைப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி, தம்முடைய 125 சிசி ஸ்கூட்டருக்கு வெளிச்சந்தையில் கிடைத்த வேரியேட்டர் (ரோலர் எனும் சிறு உருளைகளின் எடையால் பெல்ட்டின் விகிதத்தை மாற்றும் முன்புல்லி) கிட் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். பழைய 13 கிராம் ரோலர்கள் இருந்த இடத்தில் 9 கிராம் ரோலர்கள், பின்புல்லியில் கடினமான பெரிய ஸ்பிரிங், கிளட்ச் ஷூக்களுக்கும் கடினமான ஸ்பிரிங்குகள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறார். இப்போது வண்டி எடுப்பில் பாய்கிறது. ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் அலறுகிறது, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. கிக்கரோ, மாட்டிய முதல் சில நாட்கள் மிதிக்காமலேயே 'கர்'ரென்று உரசும் சத்தம் கொடுத்து, பிறகு சத்தம் குறைந்து, இப்போது மிதித்தால் பிடிக்காமல் வழுக்குகிறது. ரோலர் எடையை எப்படித் தீர்மானிப்பது, கிக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டையை அடைத்துவிடலாமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள்போலத் தோன்றினாலும், ஒரே தண்டின்மேல் அடுக்கப்பட்ட பாகங்களிலிருந்துதான் இரண்டும் பிறக்கின்றன. கிராங்க் தண்டின் இடது முனையில் உள்ளிருந்து வெளியே வரும் வரிசையைப் பாருங்கள்: தண்டின் தோள், அதன்மேல் ரோலர்களைப் பின்னாலிருந்து தாங்கும் ரேம்ப் பிளேட், பிறகு நீண்ட புஷ், அந்தப் புஷ்ஷின்மேல் முன்னும் பின்னும் வழுக்கும் நகரும் புல்லி, அதற்கு வெளியே விசிறி இதழ்கள் கொண்ட நிலைப்புல்லி (இவை இரண்டும் சேர்ந்ததே முன்புல்லி), அதன் முகத்தில் கிக்கர் பிடிக்கும் ராட்செட் பிளேட், வாஷர், கடைசியாக நட். இந்த அடுக்கில் எந்த ஒன்றின் தடிமன் அரை மில்லிமீட்டர் மாறினாலும் அதற்கு வெளியே இருப்பவை அனைத்தும் அரை மில்லிமீட்டர் இடம்மாறும். கிக்கரின் தலைவிதி அந்த அரை மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. ஆகவே ரோலரை எடையாலும், கிக்கரை நீளத்தாலும் அமைக்க வேண்டும் என்பதே என் பதிலின் சாரம். ஸ்பிரிங்குகள் கடைசியாக வர வேண்டியவை. உங்கள் வண்டியில் அவை முதலிலேயே வந்துவிட்டன.

எடைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா முதல் இன்றைய 150 சிசி வண்டிகள் வரை அடிப்படை மாறவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெல்ட் முன்புல்லியில் அடியிலும் பின்புல்லியில் விளிம்பிலும் கிடக்கும். சுற்று கூடக்கூட ரோலர்கள் மைய விலக்கு விசையால் வெளியே ஓடி, சரிவில் ஏறி, நகரும் புல்லியை நிலைப்புல்லியை நோக்கித் தள்ளும். பெல்ட் முன்னால் மேலேறும், பின்னால் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கீழிறங்கும். பொதுவாக இப்படிப்பட்ட ஸ்கூட்டர்களில் விகிதம் ஏறத்தாழ 2.5-இலிருந்து 0.8 வரை இடைவெட்டின்றி மாறுகிறது. முழு ஆக்சிலரேட்டரில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் எஞ்சின் ஏறக்குறைய ஒரே சுற்றில் (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி என்ற அளவில்) நிற்கும். வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுற்று எது என்பதைத் தீர்மானிக்கும் முதன்மையான பொருள் ரோலரின் எடை.

மைய விலக்கு விசை சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால், சரிவும் ஸ்பிரிங்கும் மாறாத வரை, தேவையான எடை சுற்றின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். உதாரணத்துக்கு, 13 கிராம் ரோலருடன் உங்கள் வண்டி 6,000 சுற்றில் நின்றுகொண்டு வேகம் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 13-ஐ 9-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.2 வருகிறது, அதாவது சுற்று 7,200-க்குத் தாவிவிட்டது. இதோடு கடினமான பெரிய ஸ்பிரிங்கும் சேர்ந்து பெல்ட்டைப் பின்னால் இறங்க விடாமல் தடுப்பதால், உண்மையான சுற்று அதற்கும் மேலேதான் இருக்கும். 60-இல் அலறுவதன் காரணம் இதுதான். பல ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் வண்டிகளில் இந்த நிலையில் சுற்று வரம்புக் கட்டுப்பாடும் குறுக்கிட்டு எஞ்சினை இடையிடையே வெட்டும்; அதைப் பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து இஞ்செக்டரைக் கழற்றியவர்களும் உண்டு.

எந்தச் சுற்றை நோக்கி அமைப்பது என்பதற்கு வண்டியின் புத்தகமே பதில் சொல்லும். உச்சத் திறன் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். யமஹா ஏரோக்ஸ் 155-க்கு 15 பிஎஸ், 8,000 சுற்றில் என்று இருப்பதைப்போல. சிலிண்டர், கேம், சைலன்சர் எதையும் மாற்றாத எஞ்சினை அந்தச் சுற்றைத் தாண்டி நிறுத்தினால் மிஞ்சுவது சத்தம் மட்டுமே. உங்கள் வண்டியின் உச்சம் 7,000-இல் என்றால், தினமும் 30 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவர் அதற்குச் சற்றுக் கீழே, 6,700 அளவில் நிறுத்துவது நல்லது என்பேன். பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு வேறு கணக்கு. 6,000-ஐ 6,700-ஆல் வகுத்து, இருமடி எடுத்து, 13-ஆல் பெருக்கினால் 10.4 கிராம் வருகிறது. ஆறு ரோலர்களுக்கு மொத்தம் 62.6 கிராம். கடையில் 10.4 கிராம் ரோலர் கிடைக்காது. மூன்று 10 கிராம், மூன்று 11 கிராம் வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் 63 கிராம் ஆகிவிடும். ஒரே எடையானவை பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான். விட்டமும் அகலமும் மட்டும் பழைய ரோலரோடு ஒத்திருக்க வேண்டும். அதை வெர்னியரில் அளந்து வாங்குங்கள், வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்.

சுற்றுமானி இல்லாத வண்டிகளுக்கு, பிளக் ஒயரின்மேல் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றிப் படிக்கும் சிறிய மானி மலிவாகக் கிடைக்கிறது. அது இல்லாமல் காதை நம்பி எடை மாற்றுவது வீண். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்து முடிவு சொல்வதையும் நான் ஏற்பதில்லை. சக்கரத்தில் பாரம் இல்லாதபோது பின்புல்லிக்கு வேலையே இருக்காது. அங்கே கிடைக்கும் எண், சாலையில் செல்லாது.

அந்தப் பின்புல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிட் விற்பவர்கள் அதிகம் குழப்புவது இங்கேதான். பின்புல்லியின் நகரும் பாதியில் சாய்வான காடிகளும், அவற்றில் ஓடும் முளைகளும் இருக்கின்றன. ஏற்றத்தில் எஞ்சின் பாரம் இழுக்கும்போது, அந்தச் சாய்வு நகரும் பாதியைத் திருகிப் பெல்ட்டை நெருக்குகிறது. பெல்ட் பின்னால் மேலேறி விகிதம் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. குலசேகரத்தைத் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது நீங்கள் எதையும் செய்யாமலே வண்டி கியர் குறைத்துக்கொள்வது இந்தக் காடிகளின் உபயம். பெரிய ஸ்பிரிங்கின் வேலை, பெல்ட்டை வழுக்க விடாமல் பிடித்துவைப்பதும், வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது பெல்ட்டை விரைவாகத் திரும்பக் கொண்டுவருவதுமே. சுற்றைக் கூட்டுவதற்காகக் கடினமான ஸ்பிரிங் போடுவது தவறான கருவியை எடுப்பதாகும்: பெல்ட் கூடுதலாக நெருங்கிச் சூடாகும், எஞ்சின் திறனில் ஒரு பங்கு அந்தச் சூட்டிலேயே போகும், ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் பெல்ட் கடைசி வரை இறங்காமல் உச்ச வேகமும் குறையும். சரியான ரோலர் எடையுடன் ஓட்டும்போது, வளைவு முடிந்து முறுக்கியதும் சுற்று உடனே எழாமல் சோம்பினால், அப்போது ஒரு படி கடினமான ஸ்பிரிங்கைச் சோதிக்கலாம். போட்டால் ரோலரையும் சற்று எடை கூட்ட வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு இப்போதைக்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள். கழற்றும்போது காடிகளில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா, ரப்பர் வளையங்களும் சீலும் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கிருந்து கசியும் கிரீஸ் நேராகப் பெல்ட்டில்தான் தெறிக்கும்.

கிளட்ச் ஸ்பிரிங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடினமானவை போட்டால் கிளட்ச் பிடிக்கும் சுற்று உயரும். அதனால் எடுப்பில் ஒரு பாய்ச்சல் கிடைக்கும். தக்கலையிலும் அழகியமண்டபத்திலும் வாகன நெரிசலில் ஊர்ந்துகொண்டே போகிற வண்டிக்கு அந்தப் பாய்ச்சல் தேவையில்லை. ஒவ்வொரு ஊர்தலிலும் ஷூ வழுக்கி, கிளட்ச் அவுட்டரின் உட்புறம் நீலம் பாய்ந்து, ஷூவின் முகம் கண்ணாடிபோல ஆகிவிடும். பழையவற்றையே போடுங்கள்.

இனி அடுக்கு. ஒர்க்‌ஷாப்புகளில் வேரியேட்டர் மாட்டுவதைக் கவனித்தால், பத்தில் எட்டுக் கோளாறுகளுக்கு விதை விழும் இடம் ஒன்று கண்ணில் படும். பின்புல்லி ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மூடியே இருக்கும். அதன்மேல் பெல்ட் விளிம்பில் இறுக்கமாகக் கிடக்கும். முன்னால் பெல்ட்டுக்குத் தளர்வே இருக்காது. இந்த நிலையில் நிலைப்புல்லியைத் தள்ளி நட்டை ஏற்றினால், நிலைப்புல்லி புஷ்ஷின் முகத்தில் போய் உட்காராமல், நடுவே மாட்டிய பெல்ட்டின்மேல் உட்காரும். நட் இறுகியதுபோலத் தோன்றும். "இம்பாக்ட் போட்டு இறுக்கியாச்சு அண்ணே, இனி அனங்காது" (அசையாது) என்பார்கள். வண்டி ஓடி பெல்ட் தன் இடத்துக்கு நகர்ந்ததும், அந்த இறுக்கம் முழுவதும் மறைந்து, நிலைப்புல்லி தண்டின் பல்வரிகளில் ஆடத் தொடங்கும். ஆடும் புல்லி முதலில் தன் பற்களைத் தின்னும், பிறகு கிராங்க் தண்டின் பற்களைத் தின்னும். புல்லியை மாற்றிவிடலாம், கிராங்க்கை மாற்ற எஞ்சினையே பிளக்க வேண்டும்.

இதைத் தவிர்ப்பது எளிது. பின்புல்லியின் இரண்டு பாதிகளையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்தி இறக்கிவிடுங்கள். முன்னால் தாராளமாகத் தளர்வு கிடைக்கும். நகரும் புல்லியை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, புஷ்ஷின் முனை வெளியே தெரிகிறதா என்று பார்த்து, நிலைப்புல்லியை அதன்மேல் முட்டும்வரை ஏற்றுங்கள். ராட்செட் பிளேட்டும் பல்வரியில் முழுவதும் உட்கார்ந்து, அதற்கு வெளியே தண்டின் மரை போதுமான அளவு தெரிய வேண்டும். நட்டின் முதல் சில சுற்றுகளை விரலால் ஏற்றுங்கள். பிறகு புல்லியைப் பிடிக்கும் கருவியால் பிடித்து, புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். விசிறி இதழில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்துத் தடுத்தால் இதழ் உடையும், உடைந்த புல்லி சமநிலை இழந்து அதிரும். இறுக்கிய பிறகு பெல்ட்டை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தளர்வாக அசைந்தால்தான் அடுக்கு சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதன்பின் பின்புல்லியைக் கையால் சுற்றச் சுற்ற, பெல்ட் தானாக விளிம்புக்கு ஏறிவிடும்.

அடுத்து கிக்கர். உங்கள் வண்டியில் நடந்ததை, கழற்றாமலே ஓரளவு ஊகிக்க முடிகிறது. கிக்கர் மிதியின் தண்டு பெல்ட் கவரைத் துளைத்து உள்ளே வருகிறது. அதன் முனையில் ஒரு பெரிய பல்சக்கரம், அதோடு பொருந்திய சாய்வுப் பற்கள் கொண்ட சிறிய கியர் ஒன்று. இந்தச் சிறிய கியரின் இடுப்பில் ஒரு கம்பிக் கிளிப் கவ்வியிருக்கும். கிளிப்பின் வால் கவரில் உள்ள காடியில் மாட்டியிருக்கும். மிதிக்கும்போது, கிளிப்பின் உராய்வு கியரை உடனே சுற்ற விடாது. சுற்ற முடியாத கியர், சாய்வுப் பற்களின் வழியே கிராங்க்கை நோக்கி வழுக்கி, தன் முகத்திலுள்ள பற்களை ராட்செட் பிளேட்டின் பற்களில் கொடுக்கும். அங்கே முட்டிய பிறகுதான் கியர் சுற்றி, எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் பற்றியதும், ராட்செட் பல்லின் சரிந்த முதுகு கியரை வெளியே தள்ளிவிடும். மிதியை விட்டதும் சுருள் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

ஓய்வில் இருக்கும்போது இந்தக் கியருக்கும் ராட்செட் பிளேட்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி வேண்டும். உங்கள் கிட்டில் வந்த புஷ், பழைய புஷ்ஷைவிட நீளமாக இருந்திருக்கலாம். அல்லது எடுப்புக் கூடுவதற்காகப் புஷ்ஷுக்கும் நிலைப்புல்லிக்கும் நடுவே மாட்டியவர் ஒரு வாஷரைச் சேர்த்திருக்கலாம். அப்படி வாஷர் சேர்த்தால் புல்லிகளின் இடைவெளி கூடி, பெல்ட் தொடக்கத்தில் இன்னும் அடியில் கிடக்கும், எடுப்பும் கூடும் என்பது உண்மையே. ஆனால் அதே வாஷர் நிலைப்புல்லியையும் ராட்செட் பிளேட்டையும் கவரை நோக்கி வெளியே தள்ளுகிறது. இடைவெளி மறைந்து, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ராட்செட் பல்லின் நுனி கியர்ப் பல்லின் நுனியை உரசியது. அதுதான் முதல் சில நாட்களின் 'கர்' சத்தம். நுனிகள் தேய்ந்து உருண்டதும் சத்தம் குறைந்தது. உருண்ட பற்கள் கவ்வாது. ஆகவே இப்போது வழுக்குகிறது. கவரைக் கழற்றி ராட்செட் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பற்களின் நுனி மட்டும் பளபளத்து, மழுங்கிய பிறைபோன்ற தழும்புகள் இருந்தால் நான் சொன்னது சரி. தழும்பு இல்லாமல் பற்கள் கூர்மையாக இருந்தால், குற்றம் கம்பிக் கிளிப்பில்: அது தளர்ந்திருந்தால் கியர் முன்னேறாமல் இருந்த இடத்திலேயே சுற்றும், மிதி சும்மா இறங்கும்.

இடைவெளியை அளக்க ஒரு நேர்கோல், ஒரு வெர்னியர் இரண்டும் போதும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிவிட்டு, எஞ்சின் கேஸின் கேஸ்கெட் முகத்தில் நேர்கோலைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ராட்செட் பற்களின் நுனி எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்று அளங்கள். அதேபோல் கவரின் கேஸ்கெட் முகத்திலிருந்து, ஓய்வில் இருக்கும் கியரின் நுனி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளங்கள். ராட்செட் முகத்துக்கு வெளியே நீண்டிருந்தால், கவரின் ஆழத்தோடு கேஸ்கெட் தடிமனைக் கூட்டி, அந்த நீட்சியைக் கழித்தால் வருவது இடைவெளி. உள்ளே தாழ்ந்திருந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள். பிறகு மிதியைக் கையால் அழுத்தி, கியர் எத்தனை மில்லிமீட்டர் முன்னே வருகிறது என்றும் பாருங்கள். அந்தப் பயணம், இடைவெளியையும் ஒரு பல்லின் ஆழத்தையும் கூட்டியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் பல்லின் நுனி மட்டும் கவ்வும். அதிகக் கம்ப்ரஷன் உள்ள எஞ்சினில் முதல் பலமான மிதியிலேயே அது சிதறும். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள், குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணை ராட்செட் முகத்தில் சிறிது ஒட்டி, கேஸ்கெட்டோடு கவரை மூடி, நான்கு போல்ட்டை இறுக்கிக் கழற்றிப் பார்க்கலாம். அழுந்திய களிமண்ணின் தடிமனே இடைவெளி. களிமண்ணைத் துடைத்தெடுத்த பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய புஷ்ஷும் ரேம்ப் பிளேட்டும் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றையும் கிட்டில் வந்தவற்றையும் பக்கத்தில் வைத்து அளந்தால், எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பது உடனே தெரியும். கூடுதல் வாஷர் இருந்தால் எடுத்துவிடுங்கள். புஷ்ஷே நீளம் என்றால், அதைக் கிரைண்டரில் கொடுத்துத் தேய்க்காதீர்கள். கடினப்படுத்திய உருக்கின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் புல்லி கோணலாக உட்காரும். பழைய புஷ்ஷின் விட்டமும் புதிய நகரும் புல்லியின் துளையும் ஒத்துப்போனால் பழையதையே போடலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கிட் உங்கள் வண்டிக்குரியது அல்ல. கவரில் இரண்டு கேஸ்கெட் வைத்து இடைவெளியை உண்டாக்குவது பலர் சொல்லும் வழி. சில வண்டிகளில் பின்புல்லித் தண்டின் வெளிமுனைக்குக் கவரிலேயே பேரிங் இருக்கிறது. அங்கே கவரை வெளியே தள்ளினால் தண்டின் தாங்கல் குறையும். எனக்கு அந்த வழியில் விருப்பமில்லை. செல்ஃப் மோட்டாரின் பினியன் நிலைப்புல்லியின் விளிம்புப் பற்களில் பிடிக்கும் பழைய வகை வண்டிகளில், அடுக்கு மாறினால் செல்ஃபும் அரைகுறையாகப் பிடித்து உரசும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ராட்செட் பிளேட்டையும் சிறிய கியரையும் ஜோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த ஒன்று புதிய ஒன்றையும் சேர்த்து அழிக்கும். மாட்டும்போது சுருள் ஸ்பிரிங்கின் ஒரு கொக்கியைக் கவரின் முளையிலும் மறு கொக்கியைப் பல்சக்கரத்திலும் மாட்டி, தண்டைச் சற்று முறுக்கி நிறுத்தத்தில் விட்ட பிறகே சிறிய கியரை நுழைக்க வேண்டும். அடையாளப் புள்ளிகள் இருந்தால் அவை சேர வேண்டும். சாய்வுப் பற்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். கம்பிக் கிளிப் கவ்வும் இடுப்பில் கிரீஸைக் குவித்தால், அதன் உராய்வு போய் கியர் முன்னேறாது. பிறகு கவரை மூடுவதற்கு முன், கையில் பிடித்தபடியே மிதியை மெதுவாக முழுவதும் இறக்கி விட்டுப் பாருங்கள்: கியர் முன்னே வர வேண்டும், விட்டதும் தயங்காமல் திரும்ப வேண்டும்.

கிக்கரை நீக்கிவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பந்தய வண்டியில் அதை எடுத்துவிடுவதற்கு நியாயம் உண்டு. ஏரோக்ஸ் போன்ற சில வண்டிகள் கிக்கர் இல்லாமலேயே வருகின்றன என்பதும் சரிதான். ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் வண்டியில் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பம்புக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கும் மின்சாரம் போதாமல் கிக்கரும் கைகொடுக்காது என்பதும் பொதுவாக உண்மை. ஆனால் நடைமுறையில் பேட்டரி அடியோடு சாவதற்கு முன், செல்ஃபைச் சுற்ற மட்டும் வலுவில்லாத ஒரு நிலை நெடுநாள் நீடிக்கும். கிக்கர் அப்போது உதவும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, மழை பெய்யும் மாலையில், கடை எதுவும் இல்லாத சாலையில் நிற்பவருக்கு அந்த உதவி சிறியதல்ல. நீக்குவதால் குறையும் எடையோ அற்பம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டம் வசதியானது. ஆனால் காற்று ஏமாற்றும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நிற்பது அதனால்தான். காவல்கிணறு நோக்கிப் போகும்போது கிடைக்கும் வேகத்தை வேரியேட்டரின் புகழாகக் கொள்ள வேண்டாம். திரும்பி வரும்போது எதிர்காற்றில் சுற்றும் வேகமும் எப்படி நிற்கின்றன என்று பார்த்து, இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்றத்துக்குப் பேச்சிப்பாறைச் சாலை போதும்: முழு ஆக்சிலரேட்டரில் சுற்று 6,700-ஐ ஒட்டி நின்றால் எடை சரி, அதற்குக் கீழே தொய்ந்தால் ரோலரை அரை கிராம் குறைத்துவிடுங்கள், மேலே ஓடினால் அரை கிராம் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

பெல்ட் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அறிய, முன்புல்லியின் இரண்டு முகங்களிலும் மையத்திலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வந்து கவரைத் திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடமெல்லாம் கோடு அழிந்திருக்கும். அடியில் அழியாமல் ஒரு பட்டை மிஞ்சினால் பெல்ட் அடிவரை இறங்கவில்லை. பெல்ட்டின் அகலத்தையும் அப்போதே வெர்னியரில் அளந்து, புத்தகத்தில் உள்ள தேய்மான எல்லையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தேய்ந்து ஒடுங்கிய பெல்ட்டின்மேல் ரோலர் எடையைச் சோதிப்பது, புதுப் பெல்ட் போட்டதும் எல்லாவற்றையும் மறுபடி செய்வதில் முடியும்.

இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள ஊர் என்பதால் சில பராமரிப்புக் குறிப்புகள். பெல்ட் அறைக்குள் குளிர்காற்று போகும் குழாயின் நுரைத் தடுப்பை, சத்தம் நன்றாக வருகிறது என்பதற்காக நீக்காதீர்கள். செம்மண் தூசியும் சேற்று நீரும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன. நீர் தேங்கிய சாலையில் போனபின் வண்டி அலறிக்கொண்டு நகராமல் நின்றால் பெல்ட் நனைந்திருக்கிறது. கவரின் அடியிலுள்ள வடிகால் குழாயைத் திறந்து வடியவிட்டு, மெதுவாக ஓட்டினால் காய்ந்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் செல்ஃபை மட்டுமே பயன்படுத்தும் வண்டிகளில் கிக் தண்டு கவரின் துளையில் துருவேறி இறுகுவது வழக்கமான காட்சி: எப்போதோ அவசரத்துக்கு மிதிக்கும்போது மிதி பாதியில் நின்று, திரும்பி வராமல், கியர் ராட்செட்டில் ஒட்டியபடி எஞ்சின் பற்றிக்கொண்டு கூச்சலிடும். வாரத்துக்கு ஒரு நாளாவது கிக்கரில் எடுக்கும் பழக்கம் இதைத் தடுக்கும். மிதிக்கும் முறையும் முக்கியம். முதலில் மெதுவாக அழுத்திக் கம்ப்ரஷனின் முட்டலை உணர்ந்து, அதைச் சற்றுத் தாண்டவிட்டு, மிதியை மேலே வரவிட்டு, பிறகு முழு வீச்சில் மிதிக்க வேண்டும். அரை மிதியாகக் குத்துவது ராட்செட் பல்லைத் தின்னும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரோலர் எடை அந்தச் சான்றில் வருவதில்லை. ஆனால் அடுத்த படியாகச் சிலிண்டரைப் பெரிதாக்க நினைத்தால் அது வரும். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியென்றால், கழற்றிய பழைய பாகங்களைப் பெயர் எழுதிக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் முடித்து 300 கிலோமீட்டர் ஓடியபின், கவரை ஒருமுறை திறந்து முன்புல்லி நட்டை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். பழைய அளவுக்கு முன்பே அது நகர்ந்தால் அடுக்கு சரியாக உட்காரவில்லை என்று பொருள்; அப்படியே மேலும் இறுக்கிவிட்டு மூடாமல், நிலைப்புல்லியைக் கழற்றிப் பல்வரியையும் புஷ்ஷின் முகத்தையும் பார்த்து, மேலே சொன்ன வரிசையில் மறுபடி மாட்டுங்கள்.